வயரைப் பிடுங்கிய பின்

வயர் என் கையில் இருக்கிறது. பிடுங்கிவிட்டேன். நான்தான் பிடுங்கினேன், தமயந்தி பிடுங்கினாள் என்று வீட்டில் போய்ச் சொன்னால் என் வீட்டுக்காரர் லோகு நம்பப் போவதில்லை, பல்லி விழுந்தால் வாசலைத் தாண்டி ஓடுகிறவள், பையனுக்கு ரெண்டு தும்மல் சேர்ந்து வந்தால் ஆட்டோவைக் கூப்பிடுகிறவள், அவளா என்று சிரிப்பார், சிரிக்கட்டும், இந்த வயர் நிஜம், இதன் முனையில் இருக்கிற குட்டித் தலையும் அமுக்கினால் வளைகிற மெல்லிய நாக்கும் நிஜம், என் கட்டைவிரல் அந்த நாக்கை அமுக்குவதும் விடுவதுமாக விளையாடிக்கொண்டிருக்கிறது, டிக், டிக், கை நடுங்கவில்லை, அதுதான் ஆச்சரியம், நெஞ்சுக்குள் மட்டும் யாரோ தவில் வாசிக்கிறார்கள், ஆனால் இது பயத்தில் அடிக்கிற மேளம் இல்லை, பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும், அது வயிற்றில் வரும், இது அதற்கு மேலே, தொண்டைக்குக் கீழே, பாரியூர்த் திருவிழாவில் ராட்டினத் தொட்டில் உச்சிக்குப் போய் நிற்குமே, கீழே போடப் போகிறான் என்று தெரிந்தும் இன்னும் போடாத அந்த இடம், ஊர் முழுக்க விளக்காகத் தெரியுமே, அந்த மாதிரி. இந்த நேரத்தில் இப்படிச் சந்தோஷமாக இருக்கலாமா என்று தெரியவில்லை. சந்தோஷம் என்று சொல்லவும் முடியாது. வேறு வார்த்தை கிடைக்கவில்லை.

முதலில் ஒரு சிவப்பு, அவ்வளவுதான். அந்தியூர்க் கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தேன், கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இந்த ஸ்டூடியோவில் எனக்கு அதுதான் வேலை, குழந்தைவேல் அண்ணன் கேமராவில் எடுத்துக்கொண்டு வருகிற கல்யாணங்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது. எல்லாக் கல்யாணமும் சுவரோரம் இருக்கிற கறுப்புப் பெட்டிக்குள் இருக்கின்றன, அண்ணன் அதை சர்வர் என்பார், எங்களுக்கு அது பெட்டி, என் கம்ப்யூட்டரும் ஆல்பம் டிசைன் பண்ணுகிற ஹாஜிராவின் கம்ப்யூட்டரும் வயர் வழியாக அதிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். மாப்பிள்ளை அழைப்பில் குதிரை தும்முகிற இடம், மாப்பிள்ளை பதறிப் பிடரியைக் கட்டிக்கொள்கிறார், அதை மெதுவாக ஓட விடலாமா, பெண் வீட்டார் சிரித்துவிடுவார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது குதிரை போய்ச் சிவப்புப் பட்டை வந்தது. ஃபைலைக் காணோம் என்றது. எப்படிக் காணாமல் போகும், இப்போதுதானே தும்மியது. ஃபோல்டரைத் திறந்தேன், இருந்தது, ஆனால் பெயருக்குப் பின்னால் ஒரு வால் முளைத்திருந்தது, ஒரு புள்ளி, அதற்குப் பின் வாயில் நுழையாத எழுத்துகள். அடுத்த ஃபைலுக்கும் அதே வால். அதற்கடுத்ததற்கும். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழே இருந்த ஒன்று சும்மா இருந்து, கண் சிமிட்டுவதற்குள் அதற்கும் முளைத்தது, வெல்லக்கட்டியில் எறும்பு ஏறுகிற மாதிரி, வரிசை தப்பாமல், அவசரமே இல்லாமல். அந்த அவசரமில்லாமைதான் எனக்குள் ஏதோ ஒன்றை நிமிர்த்தியது என்று நினைக்கிறேன். அவன் அவசரப்படவில்லை, நானும் படமாட்டேன். யார் அவன் என்று தெரியாது. அந்தப் பெட்டியை மாட்டிக் கொடுத்த ஈரோட்டு ஸ்டீபன் அன்றைக்கு டீ ஆறிப்போகும்வரை ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார், "ஃபைல் பேரு தானா மாற ஆரம்பிச்சா யோசிக்காதீங்க சிஸ்டர், வயரைப் புடுங்குங்க. அப்புறமா எவ்வளவு வேணும்னாலும் யோசிங்க." அன்றைக்கு நான் அவரைக் கேட்டேனா, தட்டில் இருந்த வடையைப் பார்த்தேனா, எனக்கே நிச்சயமில்லை, ஆனால் அந்த வாக்கியம் எங்கோ போய் உட்கார்ந்திருந்திருக்கிறது, இன்றைக்கு எழுந்து வந்து என் தோளைத் தொட்டது. நான் ஓடவில்லை. நடந்துதான் போனேன். துப்பட்டா நாற்காலியில் மாட்டியது, நின்று எடுத்துவிட்டுப் போனேன். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, தூசியில் தடவி, நாக்கை அமுக்கி இழுத்தேன். பச்சை விளக்கு அணைந்தது.

"ஹாஜிரா, கீபோர்டிலிருந்து கையை எடு கண்ணு" என்றேன், என் குரலை நானே திரும்பிப் பார்த்தேன், பையனுக்குப் பால் வேண்டுமா என்று கேட்கிற குரல். ஹாஜிரா இயர்போனைக் கழற்றிக்கொண்டே "என்னக்கா?" என்றாள். அவளுடைய கம்ப்யூட்டர் வயரையும் பிடுங்கினேன், என்னுடையதையும் பிடுங்கினேன், மூன்று வயர்களும் தரையில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு கிடந்தன, பெட்டியின் வயரை மட்டும் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டேன். அவளுடைய திரையில் இருந்த ஆல்பம் படங்கள் வெள்ளை வெள்ளைக் கட்டமாகிக்கொண்டிருந்தன, மணப்பெண் ஒருத்தி போனாள், பந்தி போனது, வாழைமரம் போனது. அவள் முகம் வெளுத்ததைப் பார்த்தேன், தெரிந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்துவிட்டது. "அக்கா, ஒண்ணு சொல்லட்டுங்களா. திட்டுவீங்களா" என்றாள். இங்கேதான் வழக்கமான தமயந்தி வந்திருக்க வேண்டும், என்னடி பண்ணித் தொலைச்சே என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி, வந்தாள்கூட, கதவு வரைக்கும் வந்து நின்றாள், நான் அவளை உள்ளே விடவில்லை. "திட்டறதுக்கெல்லாம் இப்ப நேரமில்ல. நடந்ததை நடந்தபடி சொல்லு, அது போதும்" என்றேன். ஹாஜிரா ஒரே மூச்சில் சொன்னாள். ஆல்பத்தின் முதல் பக்கத்துக்கு ஒரு எழுத்துரு தேடியிருக்கிறாள், இல்வாழ்க்கை என்று எழுதினால் 'ழ' மல்லிகைக்கொடி மாதிரி சுருண்டு போகிற எழுத்து, எங்கேயோ இலவசமாகக் கிடைத்திருக்கிறது, இறக்கித் திறந்திருக்கிறாள், ஒரு கறுப்புக் கட்டம் தோன்றி உடனே மறைந்திருக்கிறது. "எழுத்து வரவேயில்லக்கா. சரி, கெட்டுப்போன ஃபைலாட்டம் இருக்குதுன்னு விட்டுட்டேன். டீ குடிக்கப் போறதுக்கு முன்னாடி." நாங்கள் டீ குடித்துவிட்டு வந்து ரொம்ப நேரம் ஆகவில்லை. ஒரு 'ழ'. மூவாயிரம் பேர் சாப்பிட்டுப் போன கல்யாணத்தை ஒரு 'ழ' தின்னப் பார்க்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை, அவள் தப்பாக நினைத்துக்கொள்வாள். "சொன்னது நல்லதாப் போச்சு" என்றேன், நிஜமாகவே அப்படித்தான், அவள் மறைத்திருந்தால் எந்த இடத்தில் நுழைந்தது என்று தெரியாமல் நான் இன்னும் குதிரையைத் தேடிக்கொண்டிருப்பேன்.

ஸ்டீபன் இரண்டாவது மணியிலேயே எடுத்தார், வால் முளைத்ததைச் சொன்னேன். "ஆஃப் பண்ணிட்டீங்களா சிஸ்டர்?" என்றார் பதற்றமாக, பெரிய ஆளுக்கும் பதற்றம் வருகிறது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. "இல்லைங்க, எதையும் ஆஃப் பண்ணலை, எதையும் அழிக்கலை, வயரை மட்டும் புடுங்கியிருக்கறேன்" என்றேன். அந்தப் பக்கம் ஒரு மூச்சு. "அருமை. அந்தப் பொண்ணோட மெஷினை ஆஃப் பண்ணாம தூங்க வைங்க. பெட்டி அப்படியே இருக்கட்டும். திரையில தெரியறதை செல்போன்ல படம் எடுத்துக்கங்க. பழைய காப்பி எதையாவது கொண்டுவந்து சொருகிப் பாத்துடாதீங்க, அது முக்கியம். நான் கெளம்பிட்டேன்." தூங்க வை என்கிற வார்த்தை எனக்குப் பிடித்தது. ஹாஜிராவின் கம்ப்யூட்டரைத் தூங்க வைத்தேன். திரை கறுப்பாகி அதில் என் முகம் தெரிந்தது, கன்னத்தில் ஒட்டடை, கண் இரண்டும் கல்யாணப் பெண்ணுக்கு மை போட்ட மாதிரி பெரிசாக, இது யார், நன்றாக இருக்கிறாளே என்று ஒரு நொடி பார்த்தேன்.

குழந்தைவேல் அண்ணன் பவானியில் மண்டபத்தில் இருந்தார், பின்னால் நாதஸ்வரம், சாப்பாட்டுச் சத்தம், யாரோ மைக்கில் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணா, மொதல்ல ஒண்ணு கேக்கறேன், உங்க லேப்டாப் இப்ப நம்ம பெட்டியோட சேர்ந்திருக்குதுங்களா?" என்றேன். "இல்லையே. ஏம்மிணி?" "சேர்க்காதீங்க. நான் சொல்ற வரைக்கும் சேர்க்காதீங்க" என்று சொல்லிவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவர் நாதஸ்வரத்தை விட்டுத் தள்ளி நடந்து வருகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணிப் பாரேன் அம்மிணி, கரன்ட் வந்து போயிருக்கும். சாயங்காலம் ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளை படத்தைப் போடோணும், வாக்குக் குடுத்திருக்கறேன், நீ பாட்டுக்குப் புடுங்கிப் போட்டுட்டு உக்காந்திருந்தா எப்படி?" என்றார். இவர் கத்தவில்லை, கெஞ்சுகிறார், கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இந்தக் கடையை இவர் ஒரு கேமராவை வைத்துக்கொண்டு ஆரம்பித்தபோது நான் டைப்ரைட்டிங் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த பிள்ளை, மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவர் இவர், இவரிடம் மாட்டேன் என்று சொன்னதே இல்லை. "ரீஸ்டார்ட் வேண்டாமுங்ணா" என்றேன். "கரன்டா இருந்தா நான் முட்டாளாப் போறேன், பரவால்லைங்ணா. கரன்டா இல்லாம இருந்தா மறுபடி சொருகின உடனே மிச்சத்தையும் தின்னுரும்." வெளியே பஸ் ஒன்று ரிவர்ஸ் எடுக்கிற சத்தம், கண்டக்டர் பின்பக்கத்தைத் தட்டுகிறார், வரட்டும் வரட்டும். அண்ணன் பெருமூச்சு விட்டார். "சரி விடு. பாட்டுக்காரங்களை ரெண்டு பாட்டு சேர்த்துப் பாடச் சொல்லிக்கறேன். நீ சாப்பிட்டியா?" என்றார். டீ குடிச்சேனுங்ணா என்று சொல்லிப் போனை வைத்தேன்.

இப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. இதுதான் கஷ்டம். ஈரோட்டிலிருந்து ஸ்டீபன் வருகிற வரைக்கும் தொடாமல் இருப்பதுதான் என் வேலை, தொடாமல் இருப்பதைக் கையால் செய்ய முடியாது, அதனால் கை இந்த வயரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஒருவேளை ஒன்றுமே இல்லையோ, வெறும் கோளாறோ, ஸ்டீபன் வந்து இது அது இல்லை சிஸ்டர் என்று சொல்லி டீ கேட்பாரோ, கேட்கட்டும், ஆனால் எனக்குள் ஒருத்தி ஏமாந்துபோவாள், இது என்ன கேடுகெட்ட மனசு, கொள்ளைக்காரன் நிஜமாக வந்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மனசு. ஆசையில்லை. ஆசையில்லை, ஆனால் விழித்துக்கொண்டுவிட்டது, ஏசி சத்தம்கூடத் தனித்தனியாகக் கேட்கிறது, ஹாஜிரா அழுது முடித்து மூக்கை உறிஞ்சுவது, சுவர்க்கடிகாரத்தின் முள், பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் மெஷின் பேப்பர் துப்புவது. வால் முளைத்த ஃபைல்களைப் படம் எடுத்தாயிற்று. ஹாஜிராவை முகம் கழுவிவிட்டு வரச் சொல்லி, கடைக் கண்ணாடிக் கதவில் இன்று ஆல்பம் கொடுக்க இயலாது என்று எழுதி ஒட்டச் சொல்லியாயிற்று, அவள் ஒட்டிவிட்டு வந்து, "அக்கா, நான் வீட்டுக்குப் போயிரட்டுங்களா, அண்ணன் வந்தா என்ன சொல்றது" என்றாள், "போகாதே, நீ இருந்தாத்தான் ஸ்டீபனுக்கு விவரம் சொல்ல முடியும், அண்ணன்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றேன், பக்கத்தில் உட்கார்ந்தாள், கால் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. இரும்பு பீரோவுக்குள் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. தை மாசக் கடைசியில் அண்ணன் எல்லாவற்றையும் அதில் காப்பி எடுத்துப் பூட்டி வைத்தார். அதை எடுத்துச் சொருகி ஒரே ஒரு தரம் பார்த்தால் என்ன, எது இருக்கிறது எது இல்லை என்று, ஒரே ஒரு தரம். சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. சொருகக்கூடாது. சொருகினால் அதுவும் போகும். தெரியும். தெரிந்துகொண்டே என் மனசு பீரோ வரைக்கும் போய்க் கைப்பிடியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிறது, மறுபடி போகிறது.

ஏனென்றால் வத்சலா டீச்சர் கல்யாணம் தை மாசத்தில் இல்லை. மாசியில். கொடுமுடியில். வத்சலா டீச்சர் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், மாரப்பன் ஐயா ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், இரண்டு பேரும் தனியாகிப்போனவர்கள், கோயில் மண்டபத்தில் ஏழு பேருக்கு முன்னால் மாலை மாற்றிக்கொண்டார்கள், டீச்சரின் மகன் வரவில்லை, ஐயாவின் மகள் கடைசி நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். அண்ணன், அடக்கமாக ஒரு பத்து நிமிஷம் போட்டுக் கொடுத்துவிடலாம் என்றார், டீச்சர்தான் கடைக்கே வந்து சொன்னார், "சின்னப் புள்ளைங்களுக்கு எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க. அந்த மெதுவா நடக்கறதெல்லாம் வேணும்." அண்ணன் காவிரிப் படித்துறையில் அவர்களை மெதுவாக நடக்கச் சொன்னார், ஐயாவுக்கு மெதுவாக நடக்கவே வரவில்லை, ஓடுகிற பஸ்ஸில் நடந்து பழகிய கால், அகலமாக வைத்து வைத்து, எதையோ பிடித்துக்கொள்ள ஒரு கை மேலே போகிறது, அங்கே கம்பி இல்லை, டீச்சர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து தன் கையோடு வைத்துக்கொள்கிறார், யாரும் சொல்லித் தரவில்லை, கேமரா இருப்பதையே மறந்துவிட்டார். அதை எத்தனை தரம் ஓடவிட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அதற்கு எந்தப் பாட்டும் பொருந்தவில்லை, கடைசியில் தண்ணீர்ச் சத்தத்தையே விட்டுவிட்டேன். மெமரி கார்டை அழித்து அதில் வேறு இரண்டு கல்யாணம் எடுத்தாயிற்று, முகூர்த்த மாசத்தில் கார்டு ஓய்ந்து கிடக்காது. பெட்டியில் இருப்பதுதான் இருக்கிறது. எறும்பு எந்த வரிசையில் ஏறும்? அந்தியூரில் பார்த்தேன், ஊர்ப் பெயர்களை இங்கிலீஷ் எழுத்தில்தான் வைத்திருக்கிறோம், அந்தியூர் முதல் எழுத்து, அப்படியென்றால் வரிசையாகவா, அங்கிருந்து கொடுமுடிக்கு எவ்வளவு தூரம், நடுவில் பவானி, சென்னிமலை, தாராபுரம், ஈரோடு, கோபி, எனக்கு ஊர்கள் ஓடுகின்றன, ஒவ்வொரு ஊரிலும் ஒரு பந்தல், ஒவ்வொரு பந்தலிலும் அவன் ஏறி இறங்கி, சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமல் அடுத்த ஊருக்கு. நான் துப்பட்டாவை எடுத்துவிட நின்றேனே, அந்த நேரத்தில் அவன் எந்த ஊரில் இருந்தான்? ஓடியிருக்க வேண்டுமா? ஓடியிருந்தால் துப்பட்டா இழுத்து நாற்காலியோடு விழுந்திருப்பேன். விழுந்திருக்கமாட்டேன். விழுந்திருப்பேன். அந்த இடத்திலேயே மனசு சுற்றுகிறது, துப்பட்டா, நாற்காலி, நின்றது, எடுத்தது, துப்பட்டா. போதும். முடிந்தது முடிந்தது. பச்சை விளக்கு அணைந்தபோது எங்கே இருந்தானோ அங்கேதான் இருக்கிறான், ஒரு வயர் தூரத்துக்கு அந்தப் பக்கம், என் கையில் அவனுடைய பாதை இருக்கிறது. நான் தராமல் அவன் ஒரு அடி வைக்க முடியாது. இதை நினைத்ததும் மறுபடி ராட்டினம் உச்சிக்குப் போகிறது, சிரிக்கிறேன் போலிருக்கிறது, ஹாஜிரா என்னையே பார்க்கிறாள். "என்னக்கா சிரிக்கறீங்க?" "தெரியல கண்ணு. பசி போல."

ஸ்டீபன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார். தன் பையிலிருந்து வேறொரு லேப்டாப்பை எடுத்தார், ஹாஜிராவைக் கேட்டார், அவள் மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள், இந்தத் தடவை அழாமல். செல்போனில் நான் எடுத்திருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அதேதான் சிஸ்டர், ஃபைலைப் பூட்டிட்டுப் பணம் கேக்கற வைரஸு" என்றார். "பணம் கேட்டு ஓலை வெக்கறது எல்லாத்தையும் பூட்டி முடிச்ச அப்புறந்தான். இவன் பாதியில நிக்கறான்." அதேதான். நான் முட்டாளாகவில்லை. அந்த நொடியில் எனக்கு வந்த பெருமையை யாராவது கேமராவில் எடுத்திருந்தால் வெட்டி எறியச் சொல்லியிருப்பேன். பிறகு அவர் பெட்டியைத் தன் லேப்டாப்போடு மட்டும் ஏதோ பத்திரமான வழியில் இணைத்து ஒவ்வொரு ஊராகத் திறந்தார், நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று வாசித்தேன். அந்தியூர் போயிருந்தது, அதன் கார்டு இன்னும் அழிக்கவில்லை. பவானி, சென்னிமலை, தாராபுரம், ஈரோடு, கோபி, காங்கேயம், எல்லாம் போயிருந்தன, எல்லாமே தைக்குள் நடந்தவை, பீரோவுக்குள் பத்திரமாக இருக்கின்றன. "அடுத்தது கவுந்தப்பாடி. இதுவும் போச்சு" என்றார் ஸ்டீபன். "கடைசில இருக்கற ஃபோட்டோ ஃபைலுக மட்டும் மிச்சம். அடுத்தது கொடுமுடி." திறந்தார். வால் இல்லை. ஒன்றுக்கும் வால் இல்லை. படித்துறை, படித்துறை ரெண்டு, மாலை, ஸ்கூட்டி. கவுந்தப்பாடியின் கடைசி வாசலில் நின்றிருந்தவன் அடுத்து காலை வைத்திருக்க வேண்டிய இடம் கொடுமுடி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன், ஹாஜிரா என்னைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் குதித்தோம் என்று நினைக்கிறேன், ஸ்டீபன் ஹெல்மெட்டுக்குள் சிரித்தார்.

குதித்து முடித்த பிறகுதான் கேட்டேன், கவுந்தப்பாடி எந்த மாசம் என்று. யாரும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எனக்கே தெரியும், மாசி, கொடுமுடிக்கு முந்தின முகூர்த்தம், கார்டும் இல்லை, பீரோவிலும் இல்லை. மோகனப்ரியா என்று ஒரு பெண். வெட்ட இன்னும் ஆரம்பிக்கவில்லை, ஒரு தடவை முழுக்க ஓடவிட்டுப் பார்த்துக் குறித்ததோடு சரி. சாதாரணக் கல்யாணம், மழைத் தூறல், யாரும் அழவில்லை, யாரும் சண்டை போடவில்லை, கொட்டாவி விட்டுக்கொண்டே பார்த்தேன். இவ்வளவு நேரமும் அந்தப் பெண்ணை நான் ஒரு தரம்கூட நினைக்கவில்லை. ஊர்களை வரிசையாகச் சொன்னபோதுகூட அந்த ஊர் என் வாயில் வரவில்லை. "பூட்டை ஒடைக்க வழி எப்பவாவது வரலாம் சிஸ்டர், அதனால அந்த ஃபைலுகளை அழிக்காதீங்க. ஆனா நம்பிக்கை குடுக்காதீங்க. சைபர் போலீசுக்குப் புகார் எழுதிரலாம்" என்றார் ஸ்டீபன். குழந்தைவேல் அண்ணன் பட்டுச் சட்டையில் வியர்வையோடு வந்தார், எல்லாவற்றையும் கேட்டார், ஹாஜிராவைப் பார்த்தார், "அந்தப் புள்ளை ஒடனே சொன்னதாலதான் மிச்சமெல்லாம் தப்பிச்சதுங்ணா" என்றேன், அவர் அவளிடம், "போய் எல்லாருக்கும் டீ சொல்லு" என்று மட்டும் சொன்னார், அது மன்னிப்புத்தான், ஹாஜிரா ஓடினாள். பிறகு குரலைத் தாழ்த்தி என்னிடம், "கவுந்தப்பாடிக்காரங்ககிட்ட கார்டு கெட்டுப்போச்சுன்னு சொல்லிரலாமா? வைரஸு அது இதுன்னா ஊரெல்லாம் பரவிரும், நாளைக்கு எவனும் வரமாட்டான்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கும் ஒரு நிமிஷம் அது பொருத்தமாகப் பட்டது. ஆனால் நெஞ்சுக்குள் அந்த மேளம் இன்னும் ஓயவில்லை, அது ஓய்வதற்குள் செய்துவிட வேண்டும் என்று தோன்றியது, ஓய்ந்த பிறகு நான் பழைய தமயந்தியாகிவிடுவேன். "நானே பேசறனுங்ணா. நடந்ததைச் சொல்லிர்றேன்" என்றேன். அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு போனை என் பக்கம் தள்ளினார்.

மோகனப்ரியாதான் எடுத்தாள். "அக்கா! வீடியோ ரெடியாயிருச்சுங்களா?" சொன்னேன், இன்றைக்கு எங்கள் கம்ப்யூட்டருக்குள் திருட்டு வைரஸ் நுழைந்தது, பாதியில் நிறுத்திவிட்டோம், நிறுத்துவதற்கு முன்னால் போனதில் உங்கள் கல்யாணமும் ஒன்று, ஃபோட்டோ இருக்கிறது, வீடியோ போய்விட்டது, எங்கள் தவறுதான் என்று, காரணம் எதையும் மறைக்கவில்லை. திட்டட்டும் என்று காத்திருந்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம், அதற்குத் தயாராகக் கால்களைக்கூட ஊன்றி வைத்திருந்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கடைசியில் ரொம்பச் சின்னக் குரலில், "எங்கம்மா ஆடினதுமாக்கா?" என்றாள். எனக்குப் புரியவில்லை. "எங்கம்மா பின்னால எங்கேயோ நின்னு ஆடினாங்கன்னு சித்தி சொன்னாங்க. அம்மா இல்லவே இல்லைன்னு சத்தியம் பண்றாங்க. அப்பா போனதுக்கப்புறம் அம்மா சிரிச்சே நாங்க பாக்கலைங்க்கா. வீடியோ வந்தா தெரிஞ்சுரும்னு இருந்தேன். அதும் போச்சா?" நான் கண்ணை மூடினேன். மழைத் தூறல். பந்தலின் பின்பக்கம், சமையல்கட்டுக்குப் போகிற வழி. இரண்டாவது கேமரா சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. நாதஸ்வரம் கெட்டிமேளத்துக்கு ஏறுகிறது. அரக்குச் சேலையில் ஒரு அம்மா, கையில் மஞ்சள் தட்டு, தூணுக்கு மறைவில். கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்த கண்தான், ஆனாலும் எல்லாவற்றையும் வாங்கி வைத்திருக்கிறது, எல்லாம் அங்கேயே இருக்கிறது, தட்டில் இருந்த வெற்றிலை நழுவுவதுகூட. "ஆடினாங்க" என்றேன், என் குரல் ஏறிவிட்டது, அண்ணன் திரும்பிப் பார்த்தார், ஸ்டீபன் திரும்பிப் பார்த்தார். "நான் பாத்தேன் கண்ணு. தாலி கட்டறப்ப. தூணுக்குப் பின்னால. வீடியோ போச்சு, ஆனா நான் பாத்தது போகலை. சொல்லட்டுமா?" "இருங்க, இருங்க!" என்று கத்தினாள், போன் எதிலோ இடித்தது, "அம்மா! கைவேலையைப் போட்டுட்டு இங்க வா! ஸ்டூடியோ அக்கா பாத்திருக்கறாங்க!" ஒரு பாத்திரம் கீழே வைக்கிற சத்தம், ஈரக் காலடி, தூரத்திலிருந்து ஒரு அம்மாவின் குரல், "பொய் பொய், யாரது, என்னத்தைப் பாத்தாங்களாமா?" என்றது, அதில் ஏற்கெனவே சிரிப்பு ஏறிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் போட்டாயிற்று என்றாள் பெண். நான் வயரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றேன், உட்கார்ந்துகொண்டு சொல்ல முடியாது அதை. "மொதல்ல தட்டை இடது கைக்கு மாத்தினீங்கம்மா" என்று ஆரம்பித்தேன்.